ஆரிட்டைப் போறியள்?

“றோட்டைப் போடுங்கோ, கறன்டைக் குடுங்கோ, வரியைக் குறையுங்கோ. முதலாளிமார் தாங்களா வருவினம், பெடியளும் ஊரிலை நிப்பினம்.” யாழ்ப்பாணத்தின் பொருளாதாரம் பற்றிப் பேச்சு எழும் எந்த மண்டபத்திலும் இதைக் கேட்காமல் வெளியே வர முடியாது. கொழும்பிலிருந்து வரும் அதிகாரி சொல்வார், உதவி நிறுவனத்தின் ஆலோசகர் சொல்வார், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் சொந்தக்காரரும் சொல்வார். கூடவே இன்னொன்றும் வரும். ஊர், உறவு, கோயில், சீதனம் என்று இந்தச் சனம் பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்வரை இங்கே தொழில் வளராதாம். தொழிலைக் கொண்டுவருவது வசதி, தடுப்பது சொந்தபந்தம். படித்தவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கும் கருத்து இது.

இது அத்திவாரத்திலேயே பிழையான கருத்து. ஒருவர் எங்கே கடை திறக்கிறார், எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார் என்பதை முதலில் தீர்மானிப்பது அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான். சம்பளமும் வீதியும் வரியும் அதற்குப் பிறகு வருபவை. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போடும் திட்டங்கள் இங்கே ஒவ்வொன்றாகப் பொய்த்துப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

வசதி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2009இல் ஏ9 வீதி மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு றெயில் வந்தது. அடுத்த சனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியோடு திருத்தப்பட்டது. இவற்றின் அருமை எங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள்; ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்தவர்கள். ஆனால் அந்த வீதியால் முதலில் வந்து இறங்கியவர்கள் யார்? வங்கிகள், லீசிங் கொம்பனிகள், பெரிய அங்காடிகளின் கிளைகள், தம்புள்ளை மரக்கறி லொறிகள். கிளை முகாமையாளர் வெள்ளிக்கிழமை பின்னேரம் தெற்கே பஸ் ஏறுகிறார், திங்கட்கிழமை காலை திரும்புகிறார். அவரில் குறை இல்லை. அவருடைய சனம் குருநாகலில் இருக்கிறது. இங்கே அவருக்கு ஒரு மேசை மட்டும்தான் இருக்கிறது.

றெயில் பாதை தொழிலைக் கொண்டுவரும் என்றால் அது நூறு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். காங்கேசன்துறை வரையான வடபாதை 1905இல் முழுமையானது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அந்த றெயில் இங்கிருந்து கிளாக்கர்மாரையும் கடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் அனுப்பிய மணியோடர் திரும்பி வந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே என்று கேட்பார்கள். அது வந்தது சுண்ணாம்புக்கல்லுக்காக. கல் தான் கிடக்கும் இடத்தை விட்டு நகராது. நகரக்கூடிய மனிதர் ஏன் ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்தைத் தேர்கிறார் என்பதுதான் எங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் வீதியில் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மழை. எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் சைக்கிள் கரியரில் பாயும் அரிசிப் பையும், கைப்பிடியில் ஒரு தூக்குச் சட்டி. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குக் கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: “ஆரிட்டைப் போறியள்?” எங்கை போறியள் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. “மீசாலையிலை மாமியின்ரை தமக்கை வீடு.” “கொடிகாமத்திலை அண்ணரோடை படிப்பிச்ச வாத்தியார் ஒருத்தர்.” எங்களுக்கு மட்டுவிலில் ஒரு வெங்காய வியாபாரி. சொந்தம் இல்லை. பத்து வருடமாக அப்பாவிடம் வெங்காயம் எடுத்தவர், ஒரு தடவை காசு கொடுக்கப் பிந்தி, பிந்தியதற்குக் காரணம் சொல்ல ஆறு மைல் சைக்கிள் உழக்கி வீட்டுக்கு வந்தவர். அவருடைய மாட்டுக்கொட்டிலைக் கழுவிச் சாணம் மெழுகி இருபத்துமூன்று பேர் இருந்தோம். அடுத்த ஏப்ரலில் வலிகாமம் திரும்பும்வரை அப்பா அவருடைய தோட்டத்தில்தான் வேலை செய்தார். அந்த ஆறு மாதத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்த இடமும், எங்களுக்குக் கூரை கிடைத்த இடமும், பிந்திய ஒரு கொடுப்பனவின்போது காட்டிய நேர்மையால் முடிவாகியிருந்தது. ஒருவரும் கிடைக்காதவர்கள் பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்தார்கள்.

சாவுக்குப் பயந்து ஓடிய இரவிலேயே சனம் ஆளைப் பார்த்துத்தான் நடந்தது என்றால், ஆறுதலாக யோசித்துத் தொழில் தொடங்குகிறவர் வரிச்சலுகையைப் பார்த்து நடப்பார் என்று எப்படி நம்புகிறார்கள்?

எங்கள் வியாபாரத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. மாத்தறை, காலி, குருநாகல், கேகாலை என்று சிங்கள ஊர்களில் சந்திக்குச் சந்தி யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இருந்த காலம் ஒன்று உண்டு. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் சுற்றிய சுருட்டு பெட்டி பெட்டியாக அங்கே போனது. ஒரு பெடியன் ஏன் மாத்தறைக்குப் போனான்? மாமா அங்கே கடை வைத்திருந்தார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் றெயில் ஏறுவான். கடைக்குள்ளேயே படுக்கை. விடியக் கூட்டித் தண்ணீர் தெளிப்பது, சரை சுற்றுவது, சிங்களத்தில் எண்ணப் பழகுவது. சம்பளம் கையில் வராது, முதலாளியின் கொப்பியில் ஏறும். ஐந்தாறு வருடத்தில் கல்லாவில் இருத்துவார்கள். பத்து வருடத்தில் பக்கத்து ஊரில் தனக்கொரு கடை. கொப்பியில் ஏறிய சம்பளம் பாதி முதல். மாமாவின் வாய்ச்சொல்லை நம்பி மொத்த வியாபாரி தரும் கடன் சரக்கு மீதி. அடுத்த தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அவனே ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போவான். காரைநகர், புங்குடுதீவு, வேலணை ஆட்கள் கொழும்பில் சாப்பாட்டுக்கடையும் பலசரக்கும் பிடித்ததும் இப்படித்தான்.

ஈடு வைக்க ஒரு சதமும் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு வங்கி கடன் தருமா? மாமா தந்தார், ஏனென்றால் பெடியன் ஏமாற்றினால் அது ஊரில் தாய்க்குத் தெரியவரும், தங்கச்சியின் கலியாணப் பேச்சில் அடிபடும். கடனுக்கு ஈடாக நின்றது பெயர். அந்தப் பெயருக்கு மதிப்புள்ள இடத்தில்தான் அவன் தொழில் தொடங்க முடியும். இதைப் பழமை என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 1958இலும் 1977இலும் 1983இலும் அந்தக் கடைகள் எரிந்தபோது சரக்கோடு தொழில் பழகும் பள்ளிக்கூடமும் எரிந்தது. அதற்குப் பிறகு வியாபாரம் பழக நினைக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் யாருடைய கல்லாவின் பக்கத்தில் போய் இருப்பான்? அந்த இடத்தை நிரப்ப நாங்கள் எதையும் செய்யவில்லை. கொட்டகை கட்டி, மின்சாரம் இழுத்து, ஆள் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மலாயாக் கதையும் இப்படித்தான், ஆனால் அதை மறுபக்கத்துக்குச் சாதகமாகச் சொல்வார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியும் அதன் பின்வந்த பள்ளிக்கூடங்களும் ஆங்கிலம் தெரிந்த ஒரு தலைமுறையை உண்டாக்கின. மலாயாவில் வெள்ளைக்காரர் றெயில் பாதை போட்டபோது கிளாக்கர்மாரும் ஸ்டேஷன் மாஸ்டர்மாரும் நிலஅளவையாளரும் தேவைப்பட்டார்கள். நல்ல சம்பளம், ஆகவே போனார்கள் என்பார்கள். சம்பளம் உண்மை. ஆனால் ஆங்கிலம் தெரிந்த கிளாக்கர் சென்னையிலும் கல்கத்தாவிலும் நிறைய இருந்தார்கள். மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் வீட்டுக்கு ஒருவராகப் போனதற்குக் காரணம் முன்னால் போனவர் எழுதிய கடிதம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் றெயில்வே குவாட்டர்ஸில் பெரியப்பாவின் விறாந்தையில் பாய் விரிக்க இடம் இருந்தது. ஆள் சேர்ந்ததும் 1904இல் அங்கே விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது, செந்தூலில் கந்தசுவாமி கோயில் எழுந்தது.

அந்த ஆட்களில் எத்தனையோ பேர் பென்சன் எடுத்ததும் திரும்பி வந்தார்கள். இதைத்தான் சம்பளக் கணக்கால் விளக்கவே முடியாது. பினாங்கில் வீடு, வைத்தியம், வெளிச்சம் எல்லாம் இருந்தன. இங்கே கிணறும் கிடுகுவேலியும். வந்து நாற்சார் வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1930களில் மூளாயில் எழுந்த கூட்டுறவு ஆஸ்பத்திரியில் மலாயாக் காசும் மலாயா அனுபவமும் இருந்தன. பெரியகடையில் மலாயன் கபே இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. எந்த அரசாங்கம் இவர்களுக்கு முதலீட்டுச் சலுகை கொடுத்தது?

யாழ்ப்பாணத்தார் பாசக்காரர், மற்றவர்கள் கணக்குப் பார்ப்பவர்கள் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. டென்மார்க் உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று. வீதி, மின்சாரம், சட்டம் எல்லாம் எல்லா மூலையிலும் ஒன்றுபோல இருக்கும். அங்கே எஞ்சினியர்களும் விஞ்ஞானிகளும் வேலைக்கு எங்கே போகிறார்கள் என்று மைக்கேல் டால், ஓலாவ் சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அரசாங்கப் பதிவேடுகளைக் கொண்டு பார்த்து, 2010இல் வெளியிட்டார்கள். சம்பளம் கூடிய இடத்தைவிடக் குடும்பமும் சிநேகிதரும் இருக்கும் இடம் அவர்களை அதிகமாக இழுத்தது. 2012இல் அதே இருவர் தொழில் தொடங்கியவர்களைப் பார்த்தார்கள். தாங்கள் நெடுங்காலம் வாழ்ந்த பிரதேசத்தில் தொடங்கியவர்களின் நிறுவனங்கள் நீண்ட காலம் தாக்குப்பிடித்தன, லாபமும் கூடுதலாக உழைத்தன. பாசத்தால் ஊரில் நின்றவர் கணக்கிலும் தோற்கவில்லை. முதல் வாடிக்கையாளர், நம்பி வேலைக்கு வைக்கக்கூடிய முதல் ஆள், கடனுக்குச் சரக்குத் தருபவர் ஆகிய மூவரையும் தெரிந்த இடத்தில்தான் வேகமாகக் கண்டுபிடிக்கலாம். தமிழ்நாட்டில் திருப்பூரைப் பாருங்கள். பனியன் ஏற்றுமதி உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தபோதே அந்த ஊரில் குழாய்த் தண்ணீருக்குத் தவித்தார்கள். பெரிய தண்ணீர்த் திட்டத்துக்கான நிறுவனம் 1995இல்தான் உருவானது. கவுண்டர் குடும்பங்களின் தோட்டக் காசும் ஒருவருக்கொருவர் கொடுத்த நம்பிக்கையும் முதலில் வந்தன. வசதி பின்னால் ஓடி வந்தது.

இனி எங்கள் ஊரில் நான் அடிக்கடி போகும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் மாடி வீடு. கீழே துளசி மாடம், முற்றத்தில் பலாமரம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தால் மேலே ஏறும் இரும்புப் படி. மேலே இரண்டு அறைகளில் பதினெட்டுப் பேர் லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். பத்து மணிக்குக் கீழிருந்து தேத்தண்ணி வரும், கொண்டுவருபவர் உரிமையாளரின் மாமியார். உரிமையாளர் கொழும்பில் ஏழு வருடம் வேலை செய்தவர். சொந்தமாகத் தொடங்க நினைத்தபோது கொழும்பில் நல்ல கட்டடத்தில் இடம் இருந்தது, அதிவேக இணைப்பு இருந்தது. கொக்குவிலில் அடிக்கடி மின்சாரம் நிற்கும். ஆனால் கொக்குவிலில் மனைவியின் சீதன வீடு இருந்தது. பிள்ளையைப் பார்க்க மாமியார் இருந்தார். லண்டன் வேலையைத் தந்தவர் உரிமையாளரோடு பத்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர். முதல் நான்கு ஊழியர்களும் இரண்டு ஒழுங்கைக்குள் கிடைத்தார்கள். பதினெட்டில் பதினொன்று பெண் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் தாயைக் கேட்டேன், ஏன் இங்கே விட்டீர்கள் என்று. “ஆற்ரை வீட்டை விடுறன் எண்டு தெரியும் தம்பி” என்றார். கைத்தொழிற்பேட்டைக்குள் இதைவிட நல்ல கட்டடம் கிடைக்கும். அந்தத் தாயின் சம்மதம் கிடைக்காது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆண் எங்கே வாழ்வான் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அவன் மனைவியின் சீதனக் காணி. கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான்; அங்கேயே கடை, அங்கேயே பட்டறை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதித்த தேசவழமை இன்றும் இங்கே சட்டம். பிரிபடாத காணியில் உங்கள் பங்கை விற்பதென்றால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும், வாங்க முதல் உரிமை அவருக்குத்தான். காணி யார் கைக்குப் போகும் என்பதையே உறவு வழியாக ஓடவிட்ட சமூகத்தில், உறவைக் கணக்கில் எடுக்காத தொழில் வரைபடத்தை வரைந்துகொண்டிருக்கிறோம். விளைவு கண்முன்னே இருக்கிறது. எங்கள் ஒழுங்கை முகப்பில் எட்டுப் பரப்புக் காணி, நல்ல கிணறு, பிரதான வீதிக்கு ஐம்பது யார். ஐந்து பங்காளிகள். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் இங்கே, ஒருவர் எங்கே என்று தெரியாது, ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படலைக்குச் சங்கிலி போட்டிருக்கிறது. அந்தக் காணியைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்கள். உரிமையுள்ள எல்லோரையும் ஒரே பேச்சில் இருத்தி, அற்றோணித் தத்துவம் எழுதுவித்து, குத்தகை முடிப்பதற்கு உதவும் மேசை ஒன்றை எந்தக் கந்தோரிலும் நான் கண்டதில்லை. அச்சுவேலியில் இன்னொரு கொட்டகை கட்டும் காசில் கொஞ்சத்தை அந்த மேசைக்கு ஒதுக்கினால், இந்தக் குடாநாட்டில் பூட்டிக் கிடக்கும் வளவுகளில் ஒரு பங்காவது திறக்கும்.

பெடியள் வெளிநாட்டுக்கு ஓடுவது சம்பளத்துக்காகத்தானே என்று கேட்பார்கள். சம்பளத்துக்காகத்தான் புறப்படுகிறார்கள். ஆனால் போய்ச் சேரும் ஊரைப் பாருங்கள். ஒரு கிராமத்தின் பெடியள் பெரும்பாலும் சுவிஸுக்கு, இன்னொரு கிராமத்தவர்கள் பெரும்பாலும் லண்டனுக்கு, வேறொன்று ஸ்காபரோவுக்கு. உலகத்தில் கூடிய சம்பளம் ஒரே நாட்டில் இருந்தால் எல்லோரும் அங்கேயல்லவா போயிருக்க வேண்டும்? பாரிஸில் எங்கள் ஆட்கள் குடியிருப்பது பெரும்பாலும் புறநகர்களில். கடை வைத்திருப்பது லாச்சப்பலில். பக்கத்தில் பெரிய றெயில் நிலையம் இருப்பது உண்மைதான். பாரிஸில் பெரிய றெயில் நிலையங்கள் வேறும் இருக்கின்றன. முதலில் ஒருவர் கடை திறந்தார். அவரிடம் நின்று பழகியவர் பக்கத்துக் கடையை எடுத்தார். மாத்தறைச் சுருட்டுக்கடையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது, ரூபாய்க்குப் பதில் பிராங்கிலும் பிறகு யூரோவிலும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு இன்னும் வரவில்லை. அது சாதி. உறவு உறவு என்கிறாயே, அந்த உறவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன பதில் என்று ஒரு கூட்டத்தில் ஒரு இளம் ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மேலே சொன்ன அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. 1960களில் தேநீர்க்கடைக்குள் இருந்து குடிக்கவும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகவும் மனிதர் அடி வாங்கிப் போராட வேண்டியிருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டவர்களில், 2009க்குப் பிறகும் கோணாப்புலம் போன்ற இடம்பெயர்ந்தோர் முகாம்களில் மிஞ்சிக் கிடந்தவர்கள் பெரும்பாலும் காணியில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். உறவு கதவைத் திறந்ததுபோலவே அடித்துச் சாத்தியும் இருக்கிறது. இதை மறைத்தால் நான் எழுதுவது பொய்.

ஆனால் இந்த வாதம் யாருக்கு எதிராக நிற்கிறது என்று பாருங்கள். அந்த முகாம்களுக்கு முன்னால் வீதி இருந்தது, மின்கம்பம் இருந்தது. தொழிற்பேட்டைக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கும் சட்டப்படி உரிமை இருந்தது. இல்லாமல் இருந்தது கடன் சரக்குத் தரும் மாமா, படித்துவிட்டு லண்டனில் இருக்கும் வகுப்புத் தோழன், பொறுப்பு நிற்கும் ஒரு பெயர். எல்லோருக்கும் ஒரே சலுகை என்று அறிவித்தால், ஏற்கெனவே தொடர்பு உள்ளவரே அதை எடுத்துக்கொண்டு போவார். ஆகவே உறவில்லாதவர்களுக்கு உறவை உண்டாக்கிக் கொடுப்பதுதான் நீதி. அது செய்யக்கூடியது. கள் இறக்கும் தொழிலாளர்கள் தவறணைக் குத்தகைக்காரருக்குக் கீழே கிடந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, சங்கம் அவர்களுக்கு மாமாவின் இடத்தில் நின்றது. சேமிப்பு வந்தது, கடன் வந்தது, பிள்ளைகளைப் படிப்பிக்கத் தெம்பு வந்தது. கட்டடம் கட்டி வந்த முன்னேற்றம் இல்லை அது. ஆளுக்கு ஆள் பொறுப்பு நிற்கும் ஏற்பாட்டால் வந்தது.

சொந்தபந்தத்தைப் பழமை என்று மேடையில் சொன்ன காலத்திலேயே அதன் விலையை நன்றாக அறிந்துவைத்திருந்தவர்களும் இருந்தார்கள். போருக்குப் பின் வந்த நுண்கடன் கொம்பனிகள். காணி உறுதி கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஐந்து பெண்கள் ஒன்றாக வாருங்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டுங்கள் என்றார்கள். வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்த சிநேகிதத்தை ஈடாக எடுத்தார்கள். வாரத் தவணை தவறிய வீட்டு முற்றத்தில் வசூலிப்பவரோடு அயல் பெண்களும் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தலை நிமிரவில்லை. கடைசியில் 2018இல் அரசாங்கம் யாழ்ப்பாணம் உட்பட வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. காசு தள்ளுபடியானது. அந்த ஐந்து பேரும் மறுபடி ஒரு சீட்டுக் கட்டவில்லை.

உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் தன் கையாலேயே செய்துகாட்டியிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. நான் பாலத்தில் நின்ற இரவுக்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முன்னால். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். இரும்புக்கடை, லொறி, தையல், நகைத்தொழில் என்று இந்த நகரத்தின் வியாபாரத்தில் பெரும் பங்கை ஓடவைத்த சோனகத்தெருவும் ஐந்துசந்தியும் ஒரு பின்னேரத்தில் வெறுமையாயின. அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். நாங்கள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இதை எழுதாமல் யாழ்ப்பாணத்தில் உறவைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் 2009இல் போர் முடிந்த பிறகும், அவர்களை வந்து குடியேறுங்கள் என்றார்கள். வீதி இருந்தது, உதவிப்பணம் என்ற ஒன்று இருந்தது, சிலருக்கு வீட்டுத்திட்டமும் கிடைத்தது. வந்தவர்கள் குறைவு, வந்தவர்களிலும் பலர் பாதி வாழ்க்கையைத்தான் கொண்டுவந்தார்கள். சம்பளக் கணக்குக்காரரிடம் இதற்கு விளக்கம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நானா ஐந்துசந்திக்குக் கிட்டப் பழைய கடைக்குள்ளேயே மறுபடி இரும்புச் சாமான் விற்கிறார். வியாழக்கிழமை இரவு புத்தளம் பஸ், சனிக்கிழமை இரவு திரும்பும் பஸ். மகன் அங்கே லொறி வைத்திருக்கிறான், அங்கேயே கலியாணம். மகளின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம். “வாப்பா இங்கை அடங்கியிருக்கிறார், அதுக்காக நான் வந்திட்டன். அவன் ஆரிட்டை வாறது?” என்று கேட்டார். அவருடைய மகனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சிநேகிதன் இல்லை. இங்கே ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்திருக்க வேண்டிய வயதில் அவன் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் படித்தான்.

நான் அங்கே இருந்த ஒரு நாள் மானிப்பாய்ப் பக்கமிருந்து ஒரு வயதான தச்சர் வந்தார். முன்பு அந்தக் கடையில் வாடிக்கை. இரண்டு இறாத்தல் ஆணி கேட்டு, இறாத்தல் போய்க் கிலோ வந்து எத்தனை காலம் என்று நானா சொல்ல, இருவரும் நின்றார்கள். பிறகு தச்சர், மூத்த மகன் கூரைவேலை எடுத்திருக்கிறான், சாமான் கொஞ்சம் கூட வேணும், காசு மாதக் கடைசியிலைதான் என்றார். நானா மேசை லாச்சியை இழுத்துப் புதுக் கொப்பி ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டு, “மகனை ஒருக்கா அனுப்புங்கோ, என்ரை மகன் வாற கிழமை இங்கை நிப்பான்” என்றார்.